துப்பாக்கி ஏன் பணிகிறது?

"இராணுவ ஆட்சி வந்தால்தான் இந்த நாடு உருப்படும்!"

இரயில் பெட்டியிலே, தேநீர்க் கடையிலே, திருமண வீட்டுப் பந்தியிலே இந்தப் பேச்சைக் கேட்காதவர் நம்மில் எவரும் இரார். பேசுகிறவர் கொடியவரல்லர். இலஞ்சம் கொடுத்துக் கை சலித்தவர். பட்டா மாற்றத்துக்கு அலுவலகப் படியேறிக் கால் சலித்தவர். தேர்தலுக்குத் தேர்தல் வாக்குறுதி கேட்டுக் காது சலித்தவர். அவர் உள்ளத்திலே ஓர் உருவம் எழுகிறது. மிடுக்கான உடை, முறுக்கிய மீசை. காலையில் வந்து, மாலைக்குள் கயவர்களையெல்லாம் ஒழித்துக்கட்டிவிடும் ஓர் உருவம். அவதாரம் வரும், அக்கிரமம் தீரும் என்று காத்துக்கிடந்த பழைய மனந்தான் இது. சங்கும் சக்கரமும் இருந்த கையிலே துப்பாக்கி இருக்கிறது, அவ்வளவே வேறுபாடு.

அவரைச் சினந்து பயனில்லை, தோழர்களே! அவருடைய ஆசைக்குள்ளே, அவரே அறியாத ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது. வர வேண்டும், வர வேண்டும் என்கிறாரே, இதுவரை ஏன் வரவில்லை? 12 இலட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்கள். பீரங்கி, டாங்கி, ஏவுகணை அத்தனையும் அவர்கள் கையிலே. கையிலே ஒரு கோப்பைத் தவிர வேறெதுவும் இல்லாத அமைச்சர் ஒருவர் வருகிறார். அவர் முன் தளபதி விறைத்து நின்று வணக்கம் செலுத்துகிறார். எதனால்? அச்சமா? அமைச்சரைக் கண்டு தளபதி அஞ்சுவதற்கு என்ன இருக்கிறது? சம்பளமா? கருவூலத்தையே கைப்பற்ற வல்லவனுக்குச் சம்பளம் ஒரு பொருட்டா? வாளுடையவன் வாளற்றவனுக்குப் பணிகிறான் என்றால், அந்தப் பணிவுக்கு வேர் வாளிலே இல்லை, வேறெங்கோ இருக்கிறது. அதைத் தேடுவதுதான் நம் வேலை.

"இது பாரதப் பண்பாடு, நம் தருமம் அப்படி" என்று ஒரு விடை, கேட்ட மாத்திரத்தில் கிடைக்கும். புராணக் கடையிலே எல்லாச் சரக்கும் உண்டல்லவா! ஆனால் அந்த விடையை உரைத்துப் பார்க்க ஓர் உரைகல் பக்கத்திலேயே இருக்கிறது.

1947-இல் நாடு பிரிந்தபோது படையும் பிரிந்தது. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இந்தியாவுக்கு, ஒரு பங்கு பாகிஸ்தானுக்கு. ஒரே பாசறையில் உண்டவர்கள், ஒரே சட்டப்புத்தகம் படித்தவர்கள், ஒரே வெள்ளைத் துரையிடம் பயின்றவர்கள். இந்தியத் தளபதி திம்மய்யா பயின்றதும் இங்கிலாந்தின் சாண்ட்ஹர்ஸ்ட் கல்லூரி. பாகிஸ்தான் தளபதி அயூப்கான் பயின்றதும் அதே கல்லூரி. பயிற்சிதான் காரணம் என்றால் இருவரும் ஒன்றுபோல நடந்திருக்க வேண்டும். மண்ணின் பண்பாடுதான் காரணம் என்றால், வாகாவுக்கு இந்தப் பக்கத்து மண் வேறு, அந்தப் பக்கத்து மண் வேறா? மதந்தான் காரணம் என்று முணுமுணுப்போர் உண்டு. அவர்கள் கிழக்கே சற்றுத் திரும்பிப் பார்க்கட்டும். பர்மாவும் தாய்லாந்தும் புத்தரை வணங்கும் நாடுகள். 1958 அக்டோபர் என்ற ஒரே மாதத்தில், 7-ஆம் நாள் பாகிஸ்தானில் இராணுவச் சட்டம் பிறந்தது. 20-ஆம் நாள் தாய்லாந்தில் சரித் என்ற தளபதி அரசியல் சட்டத்தைக் கிழித்தெறிந்தார். 28-ஆம் நாள் பர்மாவில் தளபதி நே வின் தலைமை அமைச்சர் நாற்காலியில் அமர்ந்தார். அல்லாவும் தடுக்கவில்லை, புத்தரும் தடுக்கவில்லை. ஆகவே கடவுளரை இந்த வழக்கிலிருந்து விடுவித்துவிட்டு, மனிதர் செய்தவற்றையும் செய்யத் தவறியவற்றையும் பார்ப்போம்.

முதலிலே, படையில் யார் இருந்தார்கள் என்பது. வெள்ளையன் விட்டுச்சென்ற படை, இந்நாட்டு மக்களின் படையன்று. 1857-க்குப் பிறகு, குறிப்பாக ராபர்ட்ஸ் பிரபு படைத்தலைவராக இருந்த காலத்திலே, 'போர்க்குலம்' என்றொரு கோட்பாடு வலுப்பெற்றது. பிறப்பிலேயே வீரம் உடைய சாதிகள் சில. பிறப்பிலேயே அஃதற்றவை மற்றவை! வருணாசிரமத்துக்கு இலண்டனில் அச்சிட்ட மறுபதிப்பு போலும். கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் தென்னாட்டைப் பிடித்துக்கொடுத்த சென்னைப் படை, திடீரென்று வீரமற்றவர் கூட்டமாயிற்று. அதன் பிரிவுகள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. இரண்டாம் உலகப்போர் மூண்டு ஆள் தேவைப்பட்டதும், அதே தமிழனுக்கும் தெலுங்கனுக்கும் மலையாளிக்கும் வீரம் மீண்டும் பிறந்துவிட்டது. படைப்பிரிவு மீண்டும் திரட்டப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் படையில் ஏறத்தாழப் பாதிப்பேர் பஞ்சாப் என்ற ஒரே மாகாணத்தார்.

இதிலுள்ள இடரை முன்கூட்டிக் கண்டு புள்ளிவிவரத்தோடு எழுதியவர் அறிஞர் அம்பேத்கர். பாகிஸ்தான் கோரிக்கையைப் பற்றி 1940-இல் அவர் வெளியிட்ட நூலிலே, எந்த வட்டாரத்திலிருந்து எத்தனை பேர் படையில் இருக்கிறார்கள் என்று அட்டவணையிட்டுக் காட்டி, பத்திரமான எல்லையைக் காட்டிலும் பத்திரமான படையே ஒரு நாட்டுக்கு மேலானது என்று வாதிட்டார். மற்றவர்கள் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் பாசறையைப் பார்த்தார்.

பிரிவினைக்குப் பின் நிகழ்ந்தது என்ன? பாகிஸ்தானின் மக்களிலே பாதிக்கு மேல் கிழக்கு வங்கத்தார். படையிலோ பெரும்பாலோர் மேற்குப் பஞ்சாபியர். வாக்குப் பெட்டியைத் திறந்தால் வங்காளியின் கை ஓங்கும். திறக்காமலிருந்தால் பஞ்சாபியின் கை ஓங்கும். எனவே பெட்டி திறக்கப்படவில்லை! அரசியல் சட்டம் எழுதவே ஒன்பது ஆண்டு ஆயிற்று. 1954-இல் கவர்னர் ஜெனரல் குலாம் முகம்மது அரசியல் நிர்ணய சபையையே கலைத்தார். அது செல்லும் என்றது நீதிமன்றம். அதே ஆண்டு, பதவியில் இருக்கும் படைத்தலைவர் அயூப்கானை அழைத்துப் பாதுகாப்பு அமைச்சராகவும் ஆக்கினர். வேட்டை நாய்க்குச் சமையலறை காட்டிய கதை. 1959 தொடக்கத்தில் பொதுத்தேர்தல் என்று பேச்சு எழுந்த வேளையிலே, 1958 அக்டோபரில், இராணுவச் சட்டத்தை அறிவித்தவர் யார்? தளபதியல்லர், குடியரசுத் தலைவர் இஸ்கந்தர் மிர்சா! தம் நாற்காலியைக் காத்துக்கொள்ளத் துப்பாக்கியை அழைத்தார். இருபதே நாளில், 27-ஆம் நாள், அந்தத் துப்பாக்கி அவரையே நாடு கடத்தியது. வென்றுவிட்ட புரட்சியே சட்டத்தின் ஊற்று என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் அந்த நாளில்தான்.

இந்தியாவிலோ 1949 நவம்பருக்குள் அரசியல் சட்டம் நிறைவேறிற்று. 1951-52இல் 17 கோடிக்கு மேற்பட்டோர் பெயர் வாக்காளர் பட்டியலில் இருந்தது. எழுத்தறியாதவனுக்கு வாக்கா என்று எள்ளி நகையாடினர் மேதாவிகள். அந்த எழுத்தறியாதவன் போட்ட வாக்குதான் பீரங்கிக்கு எதிராக எழுப்பப்பட்ட முதல் மதில். அன்று ஆளுங்கட்சியாயிருந்த காங்கிரசோடு நமக்குள்ள வழக்கு வேறு; ஆயினும் அதற்குச் சிற்றூர்தோறும் கிளை இருந்தது, கொடி இருந்தது, சண்டை போட ஆள் இருந்தது. வேரற்ற முஸ்லிம் லீக்கைப் போல ஒரு தலைவர் சுடப்பட்டதும் சாய்ந்துவிடும் மரமாக அது இல்லை.

சிறு சிறு ஏற்பாடுகளும் இருந்தன. வெள்ளையர் ஆட்சியில் படைத்தலைவர் என்பவர் வைசிராய்க்கு அடுத்தவர். அவர் வாழ்ந்த டில்லி மாளிகையிலே 1948-இல் தலைமை அமைச்சர் நேரு குடியேறினார். தீன்மூர்த்தி இல்லம் என்று பின்னாளில் பெயர் பெற்றது அதுவே. வீடு மாறியது சிறு செய்திதான். காவல்காரனுக்கும் காண்பவனுக்கும் அது சொன்ன செய்தி சிறிதன்று. தரைப்படை, கடற்படை, வான்படை மூன்றுக்கும் தனித்தனித் தலைவர். 1955-இல் 'படைத்தலைவர்' என்ற பட்டமே நீக்கப்பட்டது. முப்படைக்கும் பொதுவாக ஒரு தலைமைத் தளபதி 2020 வரை அமர்த்தப்படவில்லை. ஓய்வுபெற்ற கரியப்பா ஆஸ்திரேலியாவுக்குத் தூதராக அனுப்பப்பட்டார். 1959-இல் அமைச்சர் கிருஷ்ண மேனனோடு பிணங்கித் திம்மய்யா விலகல் கடிதம் கொடுத்தார். நேரு அதைத் திரும்பப் பெறச் செய்தார். பின்னர் நாடாளுமன்றத்தில் நின்று, குடிமை அதிகாரமே மேலானது என்று தளபதியைக் குறைகூறியும் பேசினார். அது தளபதிக்கு நேர்மையாக நடந்ததாகுமா என்பது வேறு வழக்கு. கவனிக்க வேண்டியது ஒன்று: தளபதி சினந்தபோது செய்தது கடிதம் எழுதியது; டாங்கியை நகர்த்தியதன்று.

இவையனைத்தும் உண்மை. ஆயினும் இவை மட்டும் விடையாகா. பூட்டு எத்தனை உறுதியானாலும், வீட்டுக்குள்ளிருப்பவனே கதவைத் திறந்துவிட்டால்?

சிலி நாட்டை எண்ணிப் பாருங்கள். 1932 முதல் நாற்பது ஆண்டு தேர்தல் தவறாத நாடு. தென் அமெரிக்காவிலே மக்களாட்சிக்கு எடுத்துக்காட்டு என்று ஏடுகள் எழுதின. 1970-இல் சமதர்மக் கட்சியின் அயெந்தே வென்றார். அவரைப் பதவியேற்க விடாதீர் என்று தளபதி ரெனே ஷ்னெய்டரைத் தூண்டினர். படையின் கடமை அரசியல் சட்டத்தைக் காப்பது, ஆட்சியைத் தேர்ந்தெடுப்பதன்று என்று மறுத்தார் அவர். அக்டோபர் 22-ஆம் நாள் காரிலே செல்லும்போது சுடப்பட்டு, மூன்று நாளில் மாண்டார். அடுத்து வந்த தளபதி பிராட்சும் அதே கொள்கையில் நின்றார். நல்ல தளபதி இருந்தால் போதும் என்போர் இங்கே சற்று நிற்கட்டும்! இருவர் இருந்தனர், ஒருவர்பின் ஒருவராக. போதவில்லையே! 1973 ஆகஸ்ட் 22-ஆம் நாள், மக்கள் பிரதிநிதிகள் சபையே, அயெந்தே சட்டத்தை மீறிவிட்டார், படையினர் இதை உணர வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றியது. மறுநாள் பிராட்ஸ் பதவி விலகினார். அவருக்குப் பின் வந்தவர் பினோசே. செப்டம்பர் 11-ஆம் நாள் அதிபர் மாளிகைமீது குண்டு வீழ்ந்தது. அமெரிக்காவின் கை அதிலே எத்தனை நீளம் நுழைந்திருந்தது என்பது உலகறிந்தது. ஆனால் வெளிக்கை நுழைவதற்கு உள்ளே திறந்துவைத்த கதவு வேண்டும். தீர்மானத்தை முன்நின்று ஆதரித்த கிறித்தவ ஜனநாயகக் கட்சி என்ன எண்ணியது? படை வரும், அயெந்தேயை இறக்கும், ஆட்சியை நம்மிடம் தந்துவிட்டுப் பாசறை திரும்பும் என்றது. பினோசே 1990 வரை இறங்கவில்லை. அந்தக் கட்சியையும் 1977-இல் கலைத்தார்.

பர்மாவிலும் இதே கதை. 1958-இல் ஆளுங்கட்சி இரண்டாக உடைந்தது. தலைமை அமைச்சர் ஊ நு, சில மாதம் ஆட்சியைப் பார்த்துக்கொள்க என்று தாமே நே வின்னை அழைத்தார். 1960-இல் நே வின் தேர்தல் நடத்திச் சொன்னபடி திருப்பியும் தந்தார். படை நல்லது என்ற பெயரும் பெற்றார். வழி தெரிந்துவிட்டதே! 1962 மார்ச் 2-ஆம் நாள் அழைப்பில்லாமலே வந்தார். கடைகள் நாட்டுடைமை, 1964-இல் 50 சாட், 100 சாட் நோட்டுகள் ஒரே நாளில் வெறுந்தாள். தலைமுறை தலைமுறையாக இரங்கூனில் உழைத்த தமிழர்கள், உடுத்த துணியோடு கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் இறங்கினர். அங்கே துறைமுகத்தருகே பர்மா பஜார் இன்றும் இருக்கிறது. இராணுவ ஆட்சி வேண்டும் என்று சொல்கிறவர் அந்தக் கடைத்தெரு பிறந்த கதையை அறிந்துகொண்டு வந்து பேசட்டும்.

ஆகவே நாம் காண்பது இது: படை தானாக வருவது அரிது. ஆட்டத்தில் தோற்றவனோ தோற்கப்போகிறவனோ பாசறைக் கதவைத் தட்டுகிறான். பிறகே அது வருகிறது. 1977 மார்ச்சு மாதம் இரு நாடுகளிலும் தேர்தல் நடந்தது. இந்தியாவில் இந்திரா காந்தி தோற்றார், இறங்கினார். நெருக்கடி நிலையில் நாட்டையே சிறையாக்கியவர்தாம். ஆயினும் தளபதியை அழைக்கவில்லை. பாகிஸ்தானில் பூட்டோ வென்றதாக அறிவித்தார். முறைகேடு என்று எதிர்க்கட்சிகள் தெருவில் இறங்கின. எதிர்க்கட்சித் தலைவர்களுள் ஒருவரும், முன்னாள் வான்படைத் தலைவருமான அஸ்கர்கான், சட்டவிரோதமான அரசின் கட்டளைக்குப் பணியாதீர் என்று படை அதிகாரிகளுக்கு மடல் எழுதினார். ஜூலை 5-ஆம் நாள் ஜியா உல் ஹக் வந்தார். அஸ்கர்கானுக்கு அவர் தந்த பரிசு, ஐந்தாண்டு வீட்டுக்காவல்.

இதற்கு நேர்மாறான காட்சி 1961-இல் பிரான்சிலே. அல்ஜீரியாவுக்குத் தன்னுரிமை தரலாம் என்று ஜனவரியில் நடந்த பொது வாக்கெடுப்பில் நான்கில் மூன்று பங்கினர் இசைந்தனர். பொறுக்கவில்லை படைக்கு. ஏப்ரல் 22-ஆம் நாள் விடியுமுன், ஷால், ஜுவோ, செல்லர், அவர்களோடு பின்னர் சேர்ந்த சலான் என நான்கு தளபதிகள் பாராசூட் வீரர்களைக் கொண்டு அல்ஜியர்ஸ் நகரைப் பிடித்தனர். பாரிசிலே பாராசூட் வந்திறங்கும் என்று அச்சம். 23-ஆம் நாள் இரவு அதிபர் தெகால் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பேசினார்; எந்தப் பிரெஞ்சுக்காரனும், எந்த வீரனும் அவர்கள் கட்டளைக்குப் பணியலாகாது என்றார். பாசறைகளிலே, கட்டாயப் படைச் சேவைக்கு வந்த இளைஞர்கள், தையற்காரர் மகனும் உழவர் மகனும், தம் சிறு டிரான்சிஸ்டரைக் காதோடு அணைத்துக் கேட்டனர். கேட்டவர்கள் வண்டி ஓட்ட மறுத்தனர், செய்தி அனுப்ப மறுத்தனர். நான்கே நாளில் தளபதிகளின் கனவு கலைந்தது. அந்நாளில் பாரிசுத் தெருவில் தெகாலுக்காக நின்றவர் யார்? அவரை அன்றாடம் ஏசிய பொதுவுடைமையினரும் தொழிற்சங்கத்தாரும்! மூன்றாண்டுக்கு முன், 1958 மே மாதத்தில், இதே அல்ஜியர்ஸ் படைக் கிளர்ச்சியின் நிழலில்தான் தெகால் பதவிக்கு வந்தார் என்பதை அவர்கள் மறந்தவரல்லர். மறக்காமலே நின்றனர். எதிரி ஆள்வது வேறு, துப்பாக்கி ஆள்வது வேறு என்று பிரித்தறிந்ததே அவர்கள் அறிவு.

"அப்படியானால், கொடுங்கோலனுக்கும் படை பணிய வேண்டுமா? பணிவே அறமா?" என்று நம் இளைஞர் கேட்பர். கேட்கத்தான் வேண்டும். பணிவை அறமென்று நாம் சொல்வோமாயின், அதைச் சொல்ல மனுவே போதுமே, நாம் எதற்கு?

இரண்டு செயல்களைப் பிரித்துப் பார்ப்போம். மறுப்பது ஒன்று, பறிப்பது மற்றொன்று. "சுடமாட்டேன்" என்பவன் தன் கையைத்தான் கட்டிக்கொள்கிறான். "நான் ஆள்வேன்" என்பவன் நம் அனைவர் கையையும் கட்டுகிறான். 1930 ஏப்ரல் 23-ஆம் நாள், பெஷாவர் நகரத் தெருவிலே, ஆயுதமற்ற பட்டாணியர் கூட்டத்தைச் சுடுமாறு கார்வால் படைப்பிரிவுக்கு வெள்ளை அதிகாரி கட்டளையிட்டான். எதிரே முஸ்லிம்கள்; இவர்களோ மலைநாட்டு இந்துக்கள்; எனவே தயங்காமல் சுடுவர் என்பது அவன் கணக்கு. சந்திரசிங் கார்வாலி என்ற வீரரும் அவர் தோழரும் சுட மறுத்தனர். தண்டனை எது வரினும் வருக என்று நின்றனர், வந்தது, நெடுஞ்சிறை. அவர்கள் பெஷாவரை ஆளப் புறப்படவில்லை. அல்ஜீரியாவில் வண்டியோட்ட மறுத்த இளைஞரும் பாரிசை ஆளப் புறப்படவில்லை. ஷ்னெய்டரும் மறுத்தவரே. மறுப்பவன் விலையைத் தானே தருகிறான். பறிப்பவன் விலையை ஊராரிடம் வசூலிக்கிறான். கொடுங்கோலனுக்கு எதிராக வீரனிடம் நாம் எதிர்பார்க்கக் கூடியது மறுப்பே. மீதி வேலை நம்முடையது. அதை அவனிடம் தள்ளிவிட நினைப்பதுதான் பந்தியிலே கேட்ட அந்தப் பேச்சு.

இவ்வளவும் சொன்னபின், ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நாம் நம்மையே ஏமாற்றிக்கொள்வோம். படை அரியணை ஏறவில்லை என்பதாலேயே நாட்டில் உரிமை நிலைத்துவிட்டது என்று பொருளாகாது. 1975 ஜூனில் நாட்டின் வாயைக் கட்ட டாங்கி எதுவும் தேவைப்படவில்லை. நள்ளிரவில் ஒரு கையெழுத்துப் போதியதாயிற்று. படை பாசறையில் அமைதியாக இருந்தது, சிறைக்கூடங்கள் நிறைந்தன. பாகிஸ்தானில் படை ஆட்சியைப் பிடித்த அதே 1958-இல், இந்திய நாடாளுமன்றம் படைக்குத் தனி அதிகாரம் தரும் சட்டம் ஒன்றை இயற்றியது. கலவரப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட வடகிழக்கு மாநிலப் பகுதிகளிலும், பின்னர் காஷ்மீரிலும், ஒழுங்கைக் காக்கத் தேவையென்று அதிகாரி கருதினால் சுடலாம். மைய அரசின் இசைவின்றி வீரன்மீது வழக்கில்லை. மணிப்பூரின் இரோம் சர்மிளா அச்சட்டத்தை எதிர்த்து 2000 முதல் 2016 வரை உண்ணாநோன்பு இருந்தார். மூக்கிலே குழாய் செருகி உயிரோடு வைத்திருந்தது அரசு. அங்கேயும் துப்பாக்கி பணிந்துதான் இருந்தது, டில்லிக்கு. வாக்களித்து அந்த டில்லியை அமைத்தவர் நாம்.

2021 டிசம்பர் 4-ஆம் நாள் மாலை, நாகாலாந்தின் ஓட்டிங் என்ற சிற்றூருக்கு, நிலக்கரிச் சுரங்க வேலை முடித்துத் தொழிலாளர் சிலர் வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தனர். கிளர்ச்சிக்காரர் என்று தவறாகக் கருதிப் படையினர் சுட்டனர், அறுவர் மாண்டனர். அதன்பின் எழுந்த கொந்தளிப்பிலும் உயிர்கள் பல போயின. மாநிலக் காவல்துறை விசாரித்தது, குற்றப்பத்திரிகை எழுதியது, வழக்குத் தொடர மைய அரசின் இசைவை வேண்டியது. 2023-இல் விடை வந்தது: இசைவு இல்லை.